இமையைத் தூக்க முடியவில்லை: பாம்பு விஷம் நரம்பில் எங்கே கைவைக்கிறது?

கட்டுவிரியன் கடித்தவருக்குப் பல நேரம் கடிபட்டதே தெரியாது. இரவில் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். எறும்பு கடித்த மாதிரி ஏதோ சுருக்கென்று இருந்திருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. பல் பதிந்த இடத்தைத் தேடினாலும் அகப்படாது. சில மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, "கண்ணைத் திறக்க முடியலையே" என்பார். இரண்டு இமையும் பாதியில் தொங்கும். தூக்கக் கலக்கம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்புறம் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். எச்சிலை விழுங்க முடியாது, பேச்சு குழறும், கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சு திணறும்.

இத்தனைக்கும் ஆள் மயங்கவில்லை. கேட்ட கேள்விக்கு விரலை அசைத்துப் பதில் சொல்வார். 'விஷம் தலைக்கேறிவிட்டது' என்று சுற்றி நிற்பவர்கள் பேசிக்கொள்வதும் அவர் காதில் நன்றாகவே விழும்.

உண்மையில் தலைக்கு எதுவும் ஏறவில்லை. இந்த விஷத்தின் நச்சுகள் புரதங்கள். ரத்தத்தில் இருக்கும் கண்டதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் ஒரு தடுப்பாக நிற்கிறது. அதை இந்தப் புரதங்களால் பெரும்பாலும் தாண்ட முடிவதில்லை. மூளை வழக்கம்போல ஆணையிடுகிறது. நரம்பு அதைக் கொண்டுவருகிறது. தசையிலும் பழுதில்லை. நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில் ஒரு மிகச் சிறிய கதவு இருக்கிறது, சிக்கல் அங்கேதான்.

அந்தக் கதவை அயனிக் கால்வாய் என்பார்கள். அயனி என்றால் மின்னூட்டம் உள்ள அணு. உடம்பில் இப்படிப் பல வகைக் கதவுகள் உண்டு. எந்தப் பாம்பு எந்தக் கதவைப் பிடிக்கிறது, பிடித்து மூடி வைக்கிறதா திறந்தே வைக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்டால் கடிபட்டவரின் உடம்பில் என்ன நடக்கும், எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதெல்லாம் ஓரளவு தானாகவே புரிந்துவிடும். அதற்கு முதலில் கதவைப் பற்றிக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உப்புத் தண்ணீரும் மதகும்

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்றவுடன் செம்புக் கம்பி ஞாபகம் வரும். அந்தப் படத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கம்பியில் எலக்ட்ரான்கள் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்பில் நகர்வது உப்பு, அதுவும் குறுக்குவாட்டில்: வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே.

நரம்பு செல்லின் உள்ளேயும் வெளியேயும் உப்புக் கரைந்த தண்ணீர்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே உப்பு இல்லை. வெளியே சோடியம் அதிகம், உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே இருப்பதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததல்ல. செல்சவ்வில் பதிந்திருக்கும் பம்புகள் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துப் போடுகின்றன. ராத்திரி பகலாக இதே வேலை.

இதன் பலனாக, சும்மா இருக்கும் நரம்பு செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். ஒரு சாதாரண டார்ச் பேட்டரி தருவது 1.5 வோல்ட், அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் செல்சவ்வின் தடிமன் சில நானோமீட்டர்தான். அத்தனை மெல்லிய படலத்தின் குறுக்கே 70 மில்லிவோல்ட் என்றால், கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற அளவில் வருகிறது. காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதாவது ஒவ்வொரு நரம்பு செல்லும், இடிமேகத்தில் இருப்பதைவிட வலுவான மின்புலத்தைத் தன் தோலுக்குள் தாங்கிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

ஏரி நிரம்பி நிற்கிறது, மதகு மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அயனிக் கால்வாய்கள்தான் மதகு. ஒவ்வொன்றும் ஒரு புரதம், நடுவில் ஒரு துளை. சோடியத்துக்கு ஒரு வகை, பொட்டாசியத்துக்கு ஒரு வகை, கால்சியத்துக்கு ஒரு வகை. சில கால்வாய்கள் பக்கத்தில் மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சில, ஏதாவது ஒரு வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறக்கும். சில, அமிலம் பட்டால் திறக்கும். திறந்தால் ஒரே ஒரு கால்வாய் வழியாக நொடிக்குக் கோடிக்கணக்கான அயனிகள் பாயும். பம்பால் அந்த வேகத்துக்குக் கிட்டக்கூட வர முடியாது. பம்பு ஏற்றம் இறைக்கிற மாதிரி, கால்வாய் மதகைத் திறந்துவிட்ட மாதிரி.

நரம்பில் ஒரு செய்தி போகிறது என்றால் நடப்பது இதுதான். ஓரிடத்தில் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. அங்கிருக்கும் சோடியக் கால்வாய்கள் அதை உணர்ந்து திறக்கின்றன. சோடியம் உள்ளே கொட்டுகிறது, மின்னழுத்தம் இன்னும் ஏறுகிறது, பக்கத்துக் கால்வாய்களும் திறக்கின்றன. இப்படியே அலை நகர்ந்துகொண்டே போகிறது. திறந்த சோடியக் கால்வாய் சுமார் ஒரு மில்லிநொடிக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். அதே புரதத்தின் ஒரு சிறு துண்டு உள்பக்கமிருந்து வந்து துளையை மூடிவிடும். கொஞ்சம் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியக் கால்வாய்கள் பொட்டாசியத்தை வெளியே விட்டு மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்கும். திற, அடை, இறக்கு. ஓரிரண்டு மில்லிநொடியில் எல்லாம் முடிந்து அடுத்த செய்திக்கு நரம்பு தயார்.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்தது, கண்டுபிடித்தவர்கள் ஒரு கால்வாயைக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான். ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இருவர் கணவாய் மீனின் தடித்த நரம்பிழைக்குள் மின்முனையைச் செருகி அளந்தார்கள். அந்த நரம்பிழை அரை மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் மேல் தடிமனாக இருக்கும். 1952-இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகள் இன்றும் செல்லுபடியாகின்றன. 1963-இல் நோபல் பரிசும் வந்தது. சோடியத்துக்குத் தனி வழி, பொட்டாசியத்துக்குத் தனி வழி இருந்தாக வேண்டும் என்று கணக்கு சொல்லியது, அவ்வளவுதான். அந்த வழிகள் புரதத் துளைகள் என்று உறுதியாகப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு உதவியவற்றில் பாம்பு விஷமும் ஒன்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு இருக்கை, ஒரு துண்டு

நரம்பும் தசையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. மின் அலை நரம்பின் நுனிக்கு வந்ததும் அங்குள்ள கால்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. உள்ளே புகுந்த கால்சியம், நுனியில் அடுக்கி வைத்திருக்கும் குட்டிக் குட்டிப் பைகளைத் தட்டிவிடுகிறது. ஒவ்வொரு பையிலும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் சில ஆயிரம் மூலக்கூறுகள் இருக்கும். பைகள் ஓரத்துக்கு வந்து உடைந்து, உள்ளே இருப்பதை இடைவெளியில் கொட்டுகின்றன.

அக்கரையில், தசையின் சவ்வில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் காத்திருக்கின்றன. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஐந்து பேர் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்றால் நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும் அல்லவா? இந்த ஏற்பியும் அப்படித்தான், ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்து நின்று நடுவில் துளையோடு. ஏற்பியும் அதுவே, அயனிக் கால்வாயும் அதுவே. அதன் மேல்பக்கத்தில் அசிட்டைல்கோலின் வந்து உட்கார இரண்டு இருக்கைகள். இரண்டிலும் ஆள் உட்கார்ந்தால்தான் துளை சரியாகத் திறக்கும். திறந்தால் சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடைத்துப்போட இடைவெளியிலேயே ஒரு நொதி காத்திருக்கும். ஒரு நொதி நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடைக்கும், அத்தனை சுறுசுறுப்பு.

1976-இல் எர்வின் நேஹர், பெர்ட் சாக்மன் இருவரும் ஒரு ஒற்றைக் கால்வாய் திறந்து மூடும்போது ஓடும் மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது தவளைத் தசையில் இருந்த இதே அசிட்டைல்கோலின் கால்வாய்தான். 1991-இல் அவர்களுக்கும் நோபல்.

சரி, இப்போது நாகப்பாம்பு. நாகத்தின் விஷம் ஒரே பொருள் அல்ல, பல புரதங்களின் கலவை. அதில் நமக்கு இங்கே முக்கியமானவை மூவிரல் நச்சுகள். 60 முதல் 74 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதங்கள். ஒரு உள்ளங்கையிலிருந்து மூன்று விரல் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி உருவம், அதனால் அந்தப் பெயர். இந்த விரலின் நுனி, அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இருக்கைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தாலும் துளையைத் திறக்காது.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். துண்டு பயணம் செய்யப்போவதில்லை, மற்றவரையும் உட்கார விடாது. இரண்டு இருக்கையும் நிரம்பினால்தான் கதவு திறக்கும் என்பதால், நச்சுக்கு ஒரு இருக்கையில் துண்டு போட்டாலே போதும்.

ஆனால் உடம்பு இங்கே தாராளமாகச் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு தசை சுருங்கத் தேவையானதைவிட அதிக அசிட்டைல்கோலின், அதைவிட அதிக ஏற்பிகள். ஏற்பிகளில் சுமார் எழுபது சதவீதம் அடைபட்ட பிறகுதான் தசையின் பலம் குறைவது வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதுவரை ஆள் சாதாரணமாக நடமாடுவார். 'கடித்து ஒரு மணி நேரம் ஆச்சு, ஒன்னும் பண்ணலை, விஷமில்லாத பாம்பா இருக்கும்' என்று வீட்டிலேயே காத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். ஒன்றும் பண்ணவில்லை என்றால் சேமிப்பு இன்னும் தீரவில்லை என்றுகூட அர்த்தமாக இருக்கலாம்.

இமை ஏன் முதலில் விழுகிறது என்பதற்கும் பதில் இங்கேதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் இமையைத் தூக்கிப் பிடிக்கும் தசைக்கு ஓய்வே கிடையாது. கண்ணை அசைக்கும் தசைகளும் அப்படியே, அவற்றுக்கு வரும் நரம்புச் செய்திகள் மிக வேகமாக, ஓயாமல் வருபவை. கைகால் தசைகளோடு ஒப்பிட்டால் இவற்றின் கையிருப்பு குறைவு. ஊரில் தண்ணீர் குறையும்போது முதலில் காய்வது மேட்டுத் தெருக் குழாய்தான். மூச்சை இழுக்கும் உதரவிதானம் கடைசிவரை தாக்குப்பிடிக்கப் பார்க்கும். அதுவும் விழுந்தால் உயிர் போகும். பாம்புக்கடியில் நரம்புநச்சு ஆளைக் கொல்வது இந்த வழியில்தான், காற்று இல்லாமல்.

கட்டுவிரியன் செய்யும் கூடுதல் வேலை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கட்டுவிரியன் பெயரில்தான் விரியன். குடும்பம் நாகத்தின் குடும்பம். மாம்பா, பவளப்பாம்பு, கடல்பாம்பு எல்லாம் அதே குடும்பம்தான். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற உண்மையான விரியன்களின் விஷம் பெரும்பாலும் ரத்தத்தையும் ரத்தக்குழாயையும் திசுவையும் தாக்குவது, அது வேறு கதை. சில விரியன்களுக்கு நரம்புநச்சும் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தைவானிலும் தென்சீனாவிலும் வாழும், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கட்டுவிரியன் இனம் இருக்கிறது. 1963-இல் தைவானைச் சேர்ந்த சுவான்-சியுங் சாங், சென்-யுவான் லீ இருவரும் அதன் விஷத்தை மின்புலத்தில் ஓடவிட்டுக் கூறுகூறாகப் பிரித்தார்கள். கிடைத்த நச்சுகளுக்கு பங்காரோடாக்சின் என்று பெயர், ஆல்ஃபா, பீட்டா என்று அடைமொழி. கட்டுவிரியன் இனத்தின் அறிவியல் பெயரான பங்காரஸிலிருந்து வந்த பெயர் இது. ஆல்ஃபா 74 அமினோ அமிலங்கள் கொண்ட மூவிரல் நச்சு, தசைப்பக்க ஏற்பியில் துண்டு போடுவது. ஆனால் இந்தத் துண்டைக் கிட்டத்தட்ட எடுக்கவே முடியாது, அத்தனை இறுக்கம்.

பீட்டா வேறு ஜாதி. அது இடைவெளிக்கு இந்தப் பக்கம், நரம்பின் நுனியிலேயே வேலையைக் காட்டும். அதில் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று நரம்பு நுனியிலுள்ள பொட்டாசியக் கால்வாயைத் தேடிப் பிடிக்கும். முகவரி கண்டுபிடித்துக் கொடுப்பது இதன் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது ஒரு நொதி, சவ்வின் கொழுப்பை வெட்டும் கத்தி. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? அசிட்டைல்கோலின் பைகள் தீர்ந்துபோகும், புதிதாகப் பை உருவாகாது, நரம்பு நுனியே சிதைய ஆரம்பிக்கும்.

மருத்துவமனையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நாகம் கடித்து இமை விழுந்தவருக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் போடுவார்கள். அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அது முடக்கும். உடைக்க ஆளில்லாததால் அசிட்டைல்கோலின் இடைவெளியில் குவியும். கூட்டம் கூடக் கூட, மிச்சமிருக்கும் இருக்கைகளில் இடம் பிடிக்கவும் நச்சு விலகும் இடத்தில் முந்திக்கொண்டு உட்காரவும் அதற்கு வாய்ப்பு அதிகமாகும். சிலருக்கு அரை மணி நேரத்துக்குள் இமை மேலே எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அசிட்டைல்கோலின் மற்ற இடங்களிலும் கூடி இதயத் துடிப்பைக் குறைக்கும், எச்சிலைப் பெருக்கும் என்பதால் கூடவே அட்ரோபினும் கொடுப்பார்கள்.

கட்டுவிரியன் கடியில் இந்த ஊசி பெரும்பாலும் எடுபடுவதில்லை. உடைக்காமல் விட்டால் குவியும் என்பது சரிதான், ஆனால் குவிய அசிட்டைல்கோலின் வேண்டுமே? கொட்டும் பைகளே காலி. விஷமுறிவு மருந்தும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சை மடக்கும், உடைந்துபோன நரம்பு நுனியை ஒட்டவைக்காது. அதனால்தான் அதை எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். நேரம் தவறிவிட்டால் ஒரே வழி, வென்டிலேட்டரில் வைத்து மூச்சைக் கொடுத்துக்கொண்டே நரம்பு நுனி தானாக வளரும்வரை காத்திருப்பது. நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்.

எதிர்த் திசையில்

இதுவரை பார்த்ததெல்லாம் செய்தியை நிறுத்தும் விஷம். ஆப்பிரிக்க மாம்பாக்கள் நேர்மாறாகவும் ஒரு வேலை செய்யும், செய்தியை நிற்கவே விடாது.

மாம்பாவின் டென்ட்ரோடாக்சின் என்ற நச்சு, நரம்பிலுள்ள சில பொட்டாசியக் கால்வாய்களை அடைக்கும். மின்னழுத்தத்தைக் கீழே இறக்கி நரம்பைச் சாந்தமாக்குவது பொட்டாசியக் கால்வாயின் வேலை என்று பார்த்தோம். அது அடைபட்டால் நரம்பு நுனி தேவைக்கு மேல் விழித்துக்கொண்டிருக்கும், கால்சியம் அதிகம் புகும், அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறிக் கொட்டும். போதாததற்கு ஃபாசிகுலின் என்ற இன்னொரு நச்சும் மாம்பாவிடம் உண்டு. அது அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்கும். ஆமாம், மேலே மருத்துவர் ஊசியில் செய்த அதே வேலைதான்! நாகம் கடித்தவருக்கு மருந்தாவது, மாம்பாவின் பல்லில் விஷம். கொட்டுவதும் அதிகம், உடைப்பதும் இல்லை என்றால் தசைகள் துடித்துக்கொண்டே இருக்கும். கூடவே மூவிரல் நச்சுகளும் இருப்பதால் கடைசியில் முடக்கமும் வரும்.

இன்னும் விசித்திரமான ஒன்று தென்கிழக்கு ஆசியாவின் நீலப் பவளப்பாம்பு. கருநீல உடம்பு, பக்கத்துக்கு ஒரு வெளிர்நீலக் கோடு, தலையும் வாலும் நல்ல சிவப்பு. இதன் விஷப்பை தலையோடு நிற்பதில்லை, உடம்பின் நீளத்தில் ஏறத்தாழ கால்வாசிக்குப் பின்னோக்கி நீண்டு கிடக்கும். இதன் விஷத்தில் இருக்கும் காலியோடாக்சின் பற்றி 2016-இல் கட்டுரை வெளியானது. இது கைவைப்பது சோடியக் கால்வாயில். திறந்த சோடியக் கால்வாய் ஒரு மில்லிநொடிக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும் என்றேனே, அந்த அடைப்பை இது தாமதப்படுத்தும். விளைவு, எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் விறைத்துக் கட்டையாகிவிடும். தேளும் கூம்பு நத்தையும் இந்த வித்தையைக் காட்டுவது முன்பே தெரியும், பாம்பிடம் பார்த்தது அதுதான் முதல் தடவை. கவனிக்க வேண்டியது, இந்த நச்சும் மூவிரல் வடிவம்தான். அசிட்டைல்கோலின் இருக்கையில் துண்டு போடும் அதே வார்ப்பு, விரல்நுனி கொஞ்சம் மாறியதும் வேறொரு கதவுக்கு வேறொரு திசையில் போய்விட்டது.

இந்தப் பாம்பு தின்பது மற்ற பாம்புகளை, அவற்றில் விஷப்பாம்புகளும் அடக்கம். மெதுவாக முடங்கும் இரை திரும்பிக் கடித்துவிட்டால் கதை முடிந்தது. நொடியில் விறைக்கவைக்கும் விஷம் அதற்கு ஏன் தேவைப்பட்டது என்பது அதிலிருந்து புரிகிறது.

வலியை உணரும் நரம்புகளிலும் கதவுகள் உண்டு. அமிலம் பட்டால் திறக்கும் சோடியக் கால்வாய்கள் அங்கே இருக்கின்றன, காயம்பட்ட திசு அமிலமாகும்போது வலிப்பது இவற்றாலும்தான். அமெரிக்காவின் டெக்சஸ் பவளப்பாம்பு அதே கால்வாயை அமிலமே இல்லாமல் திறந்து பிடித்துக்கொள்ளும், 2011-இல் இதைக் காட்டினார்கள். கடிபட்டவருக்குத் தாங்க முடியாத வலி. அடுத்த ஆண்டே பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் கருப்பு மாம்பாவின் விஷத்திலிருந்து மாம்பால்ஜின் என்ற நச்சைப் பிரித்தார்கள். அது அதே குடும்பக் கால்வாய்களை மூடும். எலிகளில் மார்ஃபீன் அளவுக்கு வலியைக் குறைத்தது, மார்ஃபீன் போல மூச்சைக் குறைக்கவில்லை. இவ்வளவு கொடிய பாம்பு வலிநிவாரணியை ஏன் சுமந்து திரிகிறது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன், திருப்தியான பதில் கிடைக்கவில்லை. மனிதருக்கு மருந்தாக்குவது எளிதல்ல. அது ஒரு புரதம், மாத்திரையாக விழுங்கினால் வயிறு செரித்துவிடும்.

துண்டை வைத்தே இருக்கையை எண்ணினார்கள்

முன்பு பாதியில் விட்ட கதை இது. எதையாவது பிடித்தால் விடாத நச்சு, ஆய்வுக்கூடத்தில் ஒரு வரம். ஏற்பி என்ற ஒன்று இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கையில் எடுத்துக் காட்ட முடியவில்லை, செல்சவ்வில் அது ஆயிரம் புரதங்களோடு ஒன்றாகக் கலந்து கிடந்தது. மின்விலாங்கு மீனின் மின்னுறுப்பு, உருமாறிய தசை. அதில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். 1970-இல் ழான்-பியர் ஷான்ழோ குழுவினர், நாம் மேலே பார்த்த லீயோடு சேர்ந்து, ஆல்ஃபா பங்காரோடாக்சினைத் தூண்டிலாகப் போட்டு அந்த ஏற்பியை அடையாளம் கண்டார்கள்.

அப்புறம் நடந்தது யாரும் திட்டமிடாதது. 1973-இல் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் இருவரும் மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். ஏற்பிக்கு எதிரான எதிர்ப்புரதம் (அந்நியப் பொருளைத் தாக்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி) வேண்டும் என்பதுதான் நோக்கம். முயல்கள் எதிர்ப்புரதத்தைத் தயாரித்தன, கூடவே துவண்டு விழுந்தன. நியோஸ்டிக்மின் கொடுத்தால் சற்று நேரம் தெம்பாகும். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற மனித நோய் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அந்த நோயாளிகளுக்கும் முதலில் விழுவது இமை. அதே ஆண்டு வேறொரு குழு கதிரியக்கம் ஏற்றிய பங்காரோடாக்சினை நோயாளிகளின் தசைத் துணுக்கில் ஊற்றி, ஒட்டியதை அளந்தது. ஒரு ஏற்பிக்கு இத்தனை துண்டு என்று கணக்கு. இருக்க வேண்டியதில் பெரும்பகுதி ஏற்பிகள் காணோம். உடம்பே தன் கதவுகளைத் தாக்கி அழிக்கும் நோய் அது என்பது இந்த வழியில்தான் தெரியவந்தது.

கீரி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. கீரி ஏதோ பச்சிலை தின்றுவிட்டுப் பாம்போடு சண்டைக்குப் போகிறது என்ற கதையை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். பச்சிலை இல்லை, அதன் ஏற்பியிலேயே விஷயம் இருக்கிறது. 1992-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கீரியின் அசிட்டைல்கோலின் ஏற்பியை ஆராய்ந்தார்கள். இருக்கைக்குப் பக்கத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தன, ஒரு சர்க்கரைச் சங்கிலியும் அங்கே துருத்திக்கொண்டிருந்தது. அசிட்டைல்கோலின் ரொம்பச் சின்னது, நுழைந்துவிடும். மூவிரல் நச்சு பெரியது, இடிக்கும். நாகப்பாம்பின் ஏற்பியிலும் இதே இடத்துக்குப் பக்கத்தில் இதே போல ஒரு சர்க்கரை இருக்கிறது, தன் விஷம் தன்னை முடக்காமல் இருக்க. கீரிக்கும் பாம்புக்கும் பகை என்றாலும், தற்காப்புக்கு இரண்டும் கண்டுபிடித்த வழி ஒன்றே.

கடைசியாக, வென்டிலேட்டரில் படுத்திருக்கும் அந்த ஆளிடம் திரும்பி வருவோம். கட்டுவிரியன் கடி மிகக் கடுமையாக இருந்தால் இமை மட்டுமல்ல, கண்விழியும் அசையாது. விழியின் நடுவிலுள்ள கண்பாப்பா விரிந்தபடியே நிற்கும், டார்ச் அடித்தாலும் சுருங்காது. கூப்பிட்டால் பதில் இல்லை, கிள்ளினால் அசைவில்லை, இருமல்கூட இல்லை. பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும், அப்படித் தவறாக நினைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மூளை அலையைப் பதிவு செய்தால் அது விழித்திருக்கும் ஆளின் பதிவாக இருக்கலாம். அதனால் அனுபவமுள்ள செவிலியர்கள் இப்படிப்பட்டவரின் கட்டிலருகே வந்தால், ஊசி போடுவதற்கு முன்பு அவரிடம் சொல்லிவிட்டே போடுவார்கள். இன்றைக்கு என்ன கிழமை, வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுப்பார்கள். சில நாள் கழித்து ஒரு காலையில் கால் கட்டைவிரல் லேசாக அசையும், அல்லது புருவம். நரம்பு நுனி மறுபடி பை அடுக்கத் தொடங்கிவிட்டது.